நிற்கத் தெரிந்தவள்

ஆடித் தள்ளுபடியின் முதல் வெள்ளிக்கிழமை, தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில் தனக்கோடி மயங்கினாள், ஆனால் விழவில்லை. விழ விடவில்லை என்பதுதான் சரி.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். மாடி முழுக்கக் கூட்டம். ஒரு அம்மாள் சேலையைத் தோளில் போட்டுக் காட்டச் சொன்னாள். தனக்கோடி போட்டுக்கொண்டாள். "அசையாம நில்லும்மா, பார்டர் தெரியட்டும்" என்றாள் அந்த அம்மாள். தனக்கோடி அசையாமல் நின்றாள். காதுக்குள் குக்கர் சீறுவது போல ஒரு சத்தம் கிளம்பியது. டியூப் லைட்டுகள் மங்கின. ஓரத்திலிருந்து கறுப்பு படர்ந்து வந்தது. முதுகில் வேர்வை ஜில்லென்று இறங்கியது. "ரத்தினாக்கா..." என்று கூப்பிட்டது வரைதான் அவளுக்கு நினைவு.

மிச்சமெல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டது. பக்கத்து கவுன்ட்டரிலிருந்து ரத்தினபாய் பாய்ந்து வந்து அவளை இடுப்போடு வளைத்துப் பிடித்தாள். ஆண்களும் பெண்களுமாக அத்தனை பேர் பார்க்கும்போது ஒரு பெண் சேலை கலைந்து தரையில் கிடப்பதாவது! யாரோ பிளாஸ்டிக் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு தோளாகப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். தலை தொங்கியது, அதையும் ஒருத்தி தாங்கிப் பிடித்தாள். அப்போதுதான் தனக்கோடியின் கண்கள் மேலே செருகின. கைகளும் கால்களும் வெட்டி வெட்டி இழுத்தன.

"வலிப்பு! வலிப்பு! சாவி குடுங்க!"

மாடி சூப்பர்வைசர் ஞானையா கல்லாச் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். பிடித்திருந்தவர்கள் அவருக்கு வழிவிட்டு விலக, தனக்கோடி நாற்காலியிலிருந்து வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிட்டாள். அவர் குனிந்து அவள் கையில் சாவியைத் திணித்தார். இழுப்பு நின்றது. கண் திறந்தாள். கூட்டம் பெருமூச்சு விட்டது. சாவி வேலை செய்துவிட்டது.

மார்க்கெட் பக்கத்து டாக்டர் தனக்கோடியிடம் எதுவும் கேட்கவில்லை. கூட வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "பிட்ஸ் சார்" என்றார்கள். "சாவி குடுத்ததும் நின்னுடுச்சு" என்று ஞானையா சேர்த்துக்கொண்டார். டாக்டர் வலிப்பு மாத்திரை எழுதினார். விட்டுவிடாமல் வருஷக்கணக்கில் போட வேண்டும் என்றார்.

தனக்கோடி முடிச்சூரில் பிறந்தவள். அப்பாவின் நெல் வயல் இவள் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் மனைகளாகப் பிரிந்து கல் நட்டாயிற்று. பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஜவுளிக்கடை. கல்யாணம் ஆகி இரும்புலியூருக்கு வந்த பிறகும், குழந்தை பிறந்த பிறகும், அதே கடை, அதே மாடி, அதே கவுன்ட்டர். கணவன் ஜெயவேலு மறைமலை நகரில் வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். குழந்தை கோமதி அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அந்தக் கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் வாங்க வருகிறவர்களுக்கு மரியாதை இல்லை என்பது முதலாளியின் கருத்து. கவுன்ட்டருக்குப் பின்னால் முக்காலி கூடக் கிடையாது. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும் வரை நிற்பதுதான் வேலை. சேலை விற்பது அதற்கு அப்புறம். கழிப்பறை மொட்டை மாடியில். போனால் ஞானையா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் அங்கே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. இத்தனையையும் தாண்டி நிற்க, எல்லாப் பெண்களுக்கும் ஒரு வித்தை தெரியும். கண் லேசாக மங்கும்போது புடவைக்குள் கால் விரல்களை மடக்கித் தரையைக் கவ்வ வேண்டும். கெண்டைக்காலைக் கல் மாதிரி இறுக்க வேண்டும். ஒரு காலைக் குறுக்கே போட்டுத் தொடையோடு தொடையை நெருக்க வேண்டும். மேலே முகம் சிரித்துக்கொண்டிருக்கும். "இதுல பச்சை இருக்குதும்மா, காட்டட்டுமா?" என்று வாய் கேட்கும். கொஞ்ச நேரத்தில் மங்கல் தெளிந்துவிடும். யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. நின்று நின்று வந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை அம்மனுக்காகப் பட்டினி வேறு, வித்தை தோற்றுவிட்டது.

செய்தி பொத்தேரிக்குப் போனது. ஜெயவேலுவின் அக்கா கிளியம்மாள் அங்கே இருக்கிறாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. காலேஜ் பையன்களுக்கு அறைகள் வாடகைக்கு விட்டிருக்கிறாள். அத்தனை பேரும் அவளுக்கு நடுங்குவார்கள். மறுநாளே ரயிலேறி வந்தாள். தனக்கோடியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள், சுவரைப் பிடித்து நின்ற கோமதியைப் பார்த்தாள்.

"இந்தாம்மே, தப்பா நெனச்சிக்காத. எங்க தெருவுல ஒருத்தி, வலிப்பு வந்து கொழந்தையோட அடுப்பாண்ட விழுந்தா. நான் கண்ணால பாத்தவ. பிள்ளைய நான் எடுத்துகினு போறேன்."

"மாத்திர போட்றேன்க்கா. இனிமே வராதுன்னு..."

"வராதுன்னு எவன் சொன்னான்? வெறும் மயக்கம்தான், வலிப்பு இல்லன்னு ஒரு பெரிய டாக்டர் சொல்லட்டும். அன்னிக்கே கொண்டாந்து உட்டுட்றேன். இது என் தம்பி மேல சத்தியம்."

அக்கா சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க ஜெயவேலுவால் முடியவில்லை. தனக்கோடியாலும் முடியவில்லை என்பதுதான் கொடுமை. கோமதி அத்தையின் இடுப்பில் சிரித்துக்கொண்டே போனாள்.

மாத்திரை அவளைத் தூங்கவைத்தது. கவுன்ட்டரில் நின்றபடியே கண் சொருகும். அதைப் பார்த்தவர்கள், "பாவம், நோய் முத்திடுச்சு" என்றார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பொத்தேரிக்குப் போனாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. கிளியம்மாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கண்ணுக்கு மை வைத்து, ராணி மாதிரி வைத்திருந்தாள். திட்டுவதற்குக் கூட எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனக்கோடி கை நீட்டியதும் கோமதி முகத்தைத் திருப்பிக் கிளியம்மாளின் தோளில் புதைத்து, "ம்மா" என்றாள்.

"ச்சீ, கழுதை, நான் அத்தைடி" என்றாள் கிளியம்மாள். ஆனால் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. தனக்கோடி அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டச் சொல்லி ஜெயவேலுவின் கம்பெனி டாக்டர் அனுப்பினார். அங்கே தலையில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். படம் சுத்தமாக இருந்தது. "படம் சுத்தமா இருந்தா வலிப்பு இல்லைன்னு அர்த்தம் இல்லை" என்றார் மூளை டாக்டர். "இதயப் பிரிவுல ஒரு புதுக் கட்டில் வந்திருக்கு. அங்கே பாருங்க. அதுல தெரிஞ்சுடும்."

அதுல தெரிஞ்சுடும். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு தனக்கோடி ஒரு வாரத்தை ஓட்டினாள்.

கட்டில் இரும்பில் செய்தது. அடியில் பாதம் வைக்க ஒரு பலகை, நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் பட்டை, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. டெக்னீஷியன் சம்பத் அதைச் சுற்றினால் கட்டில் தலைப்பக்கம் எழும்பும். படுத்திருப்பவர் ஏறக்குறைய நிற்கிற மாதிரி ஆகிவிடுவார். வெளியே வராந்தாவில் கூட்டம் நெருக்கியது. டாக்டர் நாகலக்ஷ்மி ஒரு கையில் பேனாவும் மறு கையில் ஸ்டெதாஸ்கோப்பும் வைத்துக்கொண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்ணுவீங்க மேடம்?" என்று தனக்கோடி கேட்டாள்.

"கொஞ்ச நேரம் நேரா நிக்க வைப்போம். மயக்கம் வருதான்னு பார்ப்போம். பயப்படாதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். தனக்கோடிக்கு அது போதுமாக இருந்தது. நிக்கணும். மயக்கம் வரக்கூடாது. வராவிட்டால் தனக்கு ஒன்றுமில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். உலகத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை நிற்பது. அதையே பரீட்சையாக வைத்தால் விடுவாளா?

கட்டில் எழும்பியது. நாடிக்கு ஒரு முறை கூவும் மிஷின் மட்டும் 'பிப், பிப்' என்றது. நேரம் போனது. காதுக்குள் அந்தச் சீறல் மெல்லக் கிளம்பியது. போர்வைக்குள் கால் விரல்கள் தாமாகவே மடங்கிப் பலகையைக் கவ்வின. கெண்டைக்கால் இறுகியது. தொடையோடு தொடை நெருங்கியது. முகத்தில் கடைச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. சீறல் அடங்கியது.

"எப்படி இருக்கு?" என்றார் சம்பத்.

"நல்லாக்கீது சார்."

இன்னொரு முறை வந்தது. இன்னொரு முறை அடக்கினாள். கட்டில் இறங்கியபோது புடவை வேர்வையில் ஒட்டியிருந்தது. ஜெயித்துவிட்டாள்.

நாகலக்ஷ்மி தாள்களைப் புரட்டினார். "மயக்கம் வரலை. நாடி, பிரஷர் ரெண்டும் விழலை. அப்போ இது சாதாரண மயக்கம்னு என்னால சொல்ல முடியலை."

தனக்கோடிக்குப் புரியவில்லை. "வர்லன்னா நல்லதுதானே மேடம்?"

"வந்திருந்தா, நாடி குறைஞ்சு வர்ற வெறும் மயக்கம்னு தைரியமா சொல்லியிருப்பேன். இப்போ வலிப்புன்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. மாத்திரையை நிறுத்த வேண்டாம். அடுத்தவங்களைக் கூப்பிடுங்க."

கூட வந்திருந்த ஜெயவேலு அவளைப் பார்க் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தான். பிளாட்பாரத்தில் தாம்பரம் வண்டி வந்து நின்றது, தனக்கோடி ஏறவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உடுடி, வேற டாக்டர பாக்கலாம்" என்றான் ஜெயவேலு.

"அவ்ளோ கஷ்டப்பட்டு நின்னேன்யா. ரெண்டு வாட்டி காது அடச்சிகிச்சு. ரெண்டு வாட்டியும் கால இறுக்கி அடக்குனேன்."

ஜெயவேலு திரும்பினான். "இன்னா பண்ண?"

"கடையில பண்றதுதான். எல்லாரும் பண்றதுதான்."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடிப்பாவி! ஸ்பிரிங்க டெஸ்ட்டு பண்றப்ப அடியில ஒரு கட்டைய முட்டு குடுத்துட்டு, 'பாரு, அமுங்கவே இல்ல'ன்னு சொன்னா சூப்பர்வைசரு செருப்பால அடிப்பான்டி. வா. வா, திரும்பி போலாம்."

"பேஜாராயிடும்யா. திட்டுவாங்க."

"திட்டட்டும்."

நாகலக்ஷ்மி அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். ஜெயவேலு கதவருகே நின்று ஒரே மூச்சில் சொன்னான். தனக்கோடி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள், காப்பியடித்துப் பிடிபட்டவள் மாதிரி. டாக்டர் சாப்பாட்டை மூடினார்.

"காலை எப்படி இறுக்கினீங்க? இங்கே செஞ்சு காட்டுங்க."

தனக்கோடி புடவையைக் கணுக்காலுக்கு மேல் லேசாகத் தூக்கிக் காட்டினாள். கெண்டைக்கால் கட்டிபோல் திரண்டு நின்றது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"கீழே தேங்குற ரத்தத்தைப் பிழிஞ்சு மேலே அனுப்பியிருக்கீங்க. நான் கேட்டிருக்கணும். சொல்லியிருக்கணும். வெளியே இருந்த கூட்டத்துல..." முடிக்காமல் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க. கடையில அன்னைக்கு என்ன நடந்தது? ஆரம்பத்திலேருந்து சொல்லுங்க. மத்தவங்க சொன்னது வேண்டாம். உங்களுக்கு என்ன ஆச்சு?"

அந்தக் கேள்வியை இத்தனை நாளில் முதல் முறையாக ஒருவர் கேட்டார். தனக்கோடி பட்டினியைச் சொன்னாள், சேலையைச் சொன்னாள், குக்கர் சத்தத்தை, மங்கலை, ஜில்லென்ற வேர்வையைச் சொன்னாள். டாக்டர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

"இன்னொரு தடவை கட்டில்ல ஏறலாம். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது தராசு மாதிரி கிடையாது. மயக்கம் வர்றவங்களுக்கே ஒரு நாள் காட்டும், ஒரு நாள் காட்டாது. நல்லா இருக்கறவங்களைக் கூடச் சில சமயம் சாய்ச்சுடும். நம்ம சம்பத்தைக் கேளுங்க."

சம்பத் தலையைச் சொறிந்தார். "கட்டில் வந்த புதுசுல என்னைத்தான் போட்டுப் பாத்தாங்க. நாக்கு அடியில ஒரு மருந்து வச்சாங்க. நான் என் ஜென்மத்துல மயங்கினதே இல்ல. ஃபிளாட் ஆயிட்டேன். கேன்டீன் வரைக்கும் சிரிச்சாங்க."

"அந்த மருந்து எனக்கும் வைங்க மேடம்" என்றாள் தனக்கோடி. "விழுந்துடறேன்."

"நீங்க விழணும்ங்கறது எனக்கு வேண்டாம். சம்பத் விழுந்ததை வச்சு நான் என்ன சொல்ல முடியும்? மருந்து இல்லாம பார்ப்போம். வரும்போது என்னென்ன வருதோ சொல்லிக்கிட்டே இருங்க. கடையில வந்த அதே மாதிரி இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு. வரலைன்னா, போன தடவை மாதிரியே ஒண்ணும் சொல்ல முடியாது. அன்னைக்கு உங்களைப் பிடிச்சவங்க யாரு? கூட்டிட்டு வாங்க."

கிளியம்மாள் தகவல் கேட்டதும் சொன்னது ஒன்றே ஒன்று: "விழுந்தா பிள்ள வரும்னு தெரிஞ்சிகினு விழுவாளே! நடிப்பா நெசமான்னு நான் நேர்ல பாக்கணும்."

அந்த வார்த்தை தனக்கோடிக்கு முள்ளாகக் குத்தியது. அதில் நியாயம் இருந்ததால் இன்னும் ஆழமாகக் குத்தியது. நின்றால் வலிப்புக்காரி. விழுந்தால் நடிப்புக்காரி. அந்த வாரம் முழுக்கக் கவுன்ட்டரில் நிற்கும்போதெல்லாம் கால் விரல்களைத் தளர்த்திப் பழகினாள். தளர்த்த வரவில்லை. மனம் சொல்வதைக் கால் கேட்கவில்லை.

அடுத்த வாரம் எல்லோரும் வந்தார்கள். ஜெயவேலு கோமதியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நின்றான். கிளியம்மாள் இடுப்பில் வாடகை அறைகளின் சாவிக்கொத்து தொங்க, சுவரோரம் கை கட்டி நின்றாள். லீவு போட்டு வந்த ரத்தினபாய் நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"நீங்கதானே பிடிச்சது?" என்றார் டாக்டர்.

"ஆமா மேடம்" என்றாள் ரத்தினபாய் பெருமையாக. "தரையில உடவே இல்ல. கெட்டியா புட்ச்சிகினேன். சேர்ல நிமித்தி உக்கார வச்சி, தலையகூட தொங்க உடல."

"கை கால் இழுத்தது எப்போ? பிடிக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

ரத்தினபாய் யோசித்தாள். "பின்னாலதான். உக்கார வச்சப்புறம்."

"நின்னது?"

"சாவி குடுத்ததும் நின்னுச்சு."

"சாவி கொடுக்கும்போது எங்கே இருந்தாங்க? சேர்லயா?"

"இல்ல... கைய உட்டதுல தரைக்கு சரிஞ்சிட்டா."

டாக்டர் தலையை ஆட்டினார். "மயக்கத்துல மூளைக்கு ரத்தம் போகாது. படுத்துட்டா தானா போகும். நீங்க நிமிர்த்திப் பிடிச்சதால போகலை. அதான் இழுத்திருக்கு. தரைக்கு வந்ததும் நின்னுருக்கு. என் ஊகம் இது. சரியான்னு பார்ப்போம்."

ரத்தினபாயின் முகம் சுண்டிப்போனது. "நல்லதுக்குத்தான் மேடம் புட்ச்சேன்."

"யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க."

பட்டைகளைக் கட்டினார்கள். கைப்பிடி சுழன்றது. கட்டில் எழும்பியது. 'பிப், பிப், பிப்.' தனக்கோடி எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். நேரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. பயத்தில் நாடி வேகமாகத்தான் ஓடியது. கிளியம்மாள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள். வராவிட்டால்? வராவிட்டால் இந்த அறையை விட்டு வெளியே போனதும் கோமதி பொத்தேரிக்குப் போவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. பிறகு ஒரு நாள் 'ம்மா' என்பது திருத்தப்படாமலே நிலைத்துவிடும்.

சீறல் கிளம்பியது.

"காது... காது இரையுது மேடம்." உடனே கால் விரல்கள் மடங்கின. இழவு, இவை யார் பேச்சையும் கேட்பதில்லை. சீறல் குறைந்தது. "அய்யோ, கால் இறுக்குது, நான் பண்ணல, அதுவே பண்ணுது."

"விடுங்க" என்றார் நாகலக்ஷ்மி மெதுவாக. "கடை இல்லை இது. இங்கே யாரும் சேலை கேட்கலை."

தனக்கோடி கண்ணை மூடி, விரல்களை ஒவ்வொன்றாக விட்டாள். கெண்டைக்காலை விட்டாள். பாதம் பலகையில் செத்த மீன் மாதிரி கிடந்தது. சீறல் திரும்பி வந்தது, இந்த முறை பெரிதாக. "லைட்டு மங்குது. வேர்க்குது, ஜில்லுனு. இதான் மேடம். கடையில வந்தது இதேதான்..."

பிப்... பிப்...... பிப்.........

சுவரோரம் நின்ற கிளியம்மாள் நிமிர்ந்தாள். சத்தங்களுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. அடுத்தது வருமா என்று அறையே காத்திருந்தது. நடிக்கிறவளால் முகத்தைத் தொங்கப்போட முடியும். கண்ணைச் செருக முடியும். இந்தச் சத்தத்தை எவளால் நிறுத்த முடியும்? தனக்கோடியின் தலை சாய்ந்தது. கைகள் ஒருமுறை, இன்னொரு முறை வெட்டி இழுத்தன.

"சாவி! இந்தா சாவி!" கிளியம்மாள் இடுப்பிலிருந்து கொத்தைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தாள். ரத்தினபாயும் பழக்க தோஷத்தில் தோளைப் பிடிக்க ஓடினாள்.

"யாரும் தொடாதீங்க! சம்பத், இறக்குங்க!"

கைப்பிடி சடசடவென்று சுழன்றது. கட்டில் படுக்கை மட்டத்துக்கு வந்தது. பிப்... பிப், பிப், பிப். தனக்கோடி கண் திறந்தாள். சாவிக்கொத்து இன்னும் கிளியம்மாளின் கையிலேயே இருந்தது.

"பேரு என்ன?" என்றார் டாக்டர்.

"தனக்கோடி." பிறகு பதறிப்போய், "விழுந்தேனா?"

கிளியம்மாள் சாவியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். "அவ்ளோதானா? படுக்க வச்சா போதுமா?" என்றாள். உடனே சந்தேகம் திரும்பிவிட்டது. "போன வாரம் விழல, இந்த வாரம் விழுந்தா. எந்த வாரத்த நம்பறது டாக்டரம்மா?"

"நல்ல கேள்வி. கட்டிலை மட்டும் வச்சுக் கேட்டா என்கிட்ட பதில் இல்லை. கடையில வந்த அதே வரிசையில இங்கேயும் வந்தது. நாடி விழுந்ததை நீங்களே கேட்டீங்க. படுக்க வச்சதும் எழுந்து பேரைச் சொன்னாங்க. வலிப்பு வந்தவங்களுக்குத் தெளிய நேரமாகும். எல்லாத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன், இது வெறும் மயக்கம். மூளை டாக்டர்கிட்ட நானே பேசி, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கச் சொல்றேன். தண்ணி நிறையக் குடிக்கணும், உப்பு போட்ட மோர் குடிக்கணும், பட்டினி கூடாது."

"இனிமே வராதா?" என்றாள் கிளியம்மாள்.

"வரும். வரும்போது சொல்லிட்டுத்தான் வரும். காது இரையும்போதே அந்த இடத்துலயே உட்கார்ந்துடணும். நடுத்தெருவா இருந்தாலும் சரி, வெட்கப்படக் கூடாது."

"பிள்ள இடுப்புல இருந்தா?"

"பிள்ளையோட உட்காரணும்."

சத்தியம் செய்தவள் கிளியம்மாள். ஆனால் வராந்தாவுக்கு வந்ததும் கோமதியை ஜெயவேலுவிடமிருந்து அவளே வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் அவளே தூக்கி வந்தாள். தனக்கோடிக்குக் கேட்கப் பயமாக இருந்தது. தாம்பரத்தில் இறங்குவாளா, அப்படியே பொத்தேரிக்கு வண்டி மாறுவாளா?

ரயிலில் ஜெயவேலு பக்கத்துப் பொதுப்பெட்டியில் ஏறிக்கொண்டான். ரத்தினபாய் மாம்பலத்தில் ஏதோ வாங்கவேண்டும் என்று இறங்கிப் போனாள். லேடீஸ் பெட்டியில் மூச்சுவிட இடமில்லை. பரங்கிமலை வந்தபோது கிளியம்மாளுக்குக் கை வலித்தது போலிருக்கிறது. "செத்த புடி" என்று குழந்தையை நீட்டினாள். கோமதி தனக்கோடியின் இடுப்பில் உட்கார்ந்து, தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

பல்லாவரம் தாண்டியதும் சீறல் கிளம்பியது.

இப்போதா? இன்றைக்கா? கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. அடக்கிவிடலாம். இன்னும் கொஞ்ச தூரம்தான், அடக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் குழந்தை போய்விடும். சொல்லாமல் இருந்து, அன்றைக்குப் போல வித்தை தோற்றால்? பக்கத்தில் கதவு திறந்தே கிடந்தது. வெளியே தண்டவாளம் ஓடிக்கொண்டிருந்தது. கோமதியின் முழு எடையும் இடுப்பில்.

தனக்கோடி உட்கார்ந்துவிட்டாள். அப்படியே, அத்தனை பேர் கால்களுக்கு நடுவே, பூக்கூடைக்கும் கீரைக்கட்டுக்கும் பக்கத்தில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தலையை முழங்காலுக்குள் புதைத்தாள்.

"அய்ய, இன்னாம்மா ஆச்சு? தூக்குங்க, தூக்கி சீட்ல உக்கார வைங்க!" ஒரு கை அவள் அக்குளுக்குள் நுழைந்தது.

சடீரென்று ஓர் அடி விழுந்தது அந்தக் கையில்.

"தூக்காத! தூக்குனாதான் கேடு" என்றாள் கிளியம்மாள். "நவுருங்க எல்லாம். காத்து வரட்டும்."

"வலிப்பாட்டம் கீது, சாவி வச்சிகீறியாம்மா?"

"வச்சிகீறேன். வூட்ட தொறக்க வச்சிகீறேன். நீ போய் உன் வேலையப் பாரு."

கிளியம்மாள் காலை அகட்டி, முதுகால் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, அவள் முன்னால் சுவர் மாதிரி நின்றாள். குரோம்பேட்டையில் ஏறியவர்கள் அவளைத் திட்டிக்கொண்டே ஏறினார்கள். அவளும் திருப்பித் திட்டினாள். தனக்கோடியின் காதில் சீறல் தேய்ந்து, பெட்டியின் இரைச்சல் திரும்பி வந்தது. குழந்தை அழவில்லை, கீரைக்கட்டிலிருந்து ஓர் இலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

தாம்பரம் வந்தது. கூட்டம் இறங்கித் தீர்ந்தது. கிளியம்மாள் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். தனக்கோடி குழந்தையை நெஞ்சோடு இறுக்கினாள். அவளுக்கே தெரியாமல் இறுக்கினாள். நீட்டிய கைகள் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன. கிளியம்மாளின் முகத்தில் இருந்தது கோபமா, ஆசையா, இரண்டும் சேர்ந்ததா என்று சொல்ல முடியாது.

பிறகு அந்தக் கைகள் பக்கத்தில் கிடந்த துணிப்பையை எடுத்துக்கொண்டன.

"பைய நான் தூக்கினு வரேன். பிள்ளைய நீ தூக்கு. மெதுவா எந்திரி. காது கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"படியில எதுனா ஆச்சுன்னா அங்கியே குந்திடு. எவ பாத்தா இன்னா."

மேம்பாலத்துப் படிகளில் தனக்கோடி குழந்தையோடு ஏறினாள். ஒரு படி பின்னால், கையில் பையும் கண்ணில் பயமுமாக, கிளியம்மாள் இரும்புலியூர் பக்கம் இறங்கும் வரை தொடர்ந்து வந்தாள்.